கூடவே வந்த கைகள்

“ரோஜா போடச் சொன்னா காலிஃபிளவர் போடறான், டாக்டர்,” என்றாள் அக்கா.

கேக் கடை அவளுடையது. கேக்குகளின் மேல் க்ரீமைப் பிழிந்து பூவும் பெயரும் இடுவது தம்பியின் வேலை. நரை தொடங்கிவிட்ட அந்தத் தம்பி, கையும் களவுமாகப் பிடிபட்டவனைப் போல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

முதுகுத்தண்டு அறுவை மருத்துவர் அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நோய் கழுத்தில் இல்லை, கைப்பேசியில் இருக்கிறது என்பது அவருடைய தீர்ந்த முடிவு. எதையாவது படிக்கிறார்கள். படித்ததையெல்லாம் உடம்பில் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். அவர்களில் இரண்டு வகை உண்டு: கத்தி என்றதும் ஓடுகிறவர்கள், கத்தியைக் கேட்டு வாங்க வருகிறவர்கள். இரண்டாம் வகையை அவர் சற்றுக் கூடுதலாக வெறுத்தார்.

அக்கா விடவில்லை. சட்டைப் பொத்தானை அவனால் போட முடியவில்லையாம். சாவி கையில் நிற்பதில்லையாம். படி இறங்கும்போது கால் தள்ளாடுகிறதாம்.

“ஒரு சொட்டு குடிக்க மாட்டான். நடையப் பாத்தா முழு பாட்டிலக் கவுத்துட்டு வந்த மாதிரி இருக்கு.”

“ஆனா வலி ஒண்ணும் இல்ல, டாக்டர்,” என்றான் தம்பி, மன்னிப்புக் கேட்பதைப் போல.

வலியில்லாத கழுத்துக்கு வைத்தியம். மருத்துவர் சிரித்தார். வலி சிறிதும் இல்லாமலே தண்டுவடம் நசிந்துபோகும் என்பதை மாணவர்களுக்குப் பாடமாக நடத்துபவர் அவர்தாம். மாணவர்களுக்குச் சொல்வதை நோயாளிகளிடம் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை.

அவருடைய உதவி மருத்துவர், அண்மையில் சேர்ந்த பெண், ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினாள். கழுத்தில் ஒரு டிஸ்க் பிதுங்கித் தண்டுவடத்தை நெருக்கியிருந்தது.

“நரம்பு அடிவாங்குதுன்னு நினைக்கிறேன், சார். ஆபரேஷன்...”

நினைக்கிறாளாம். படத்தைப் பார்த்து நினைப்பதற்கு மருத்துவர் எதற்கு? படம் எடுத்தவனே போதுமே. நாற்பதைக் கடந்த எந்தக் கழுத்தைப் படமெடுத்தாலும் ஏதாவது பிதுங்கித்தான் இருக்கும். அவர் படங்களுக்கு அறுவை செய்பவர் அல்லர்.

மனிதர்களை அளப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. இரு கைகளையும் நீட்டி, விரல்களை முழுதும் மூடி, முழுதும் விரிக்க வேண்டும். இயன்ற வரை வேகமாக. தண்டுவடம் கெட்டவனின் விரல்கள், சேற்றில் சிக்கியவை போலத் தயங்கும். மற்ற மருத்துவர்கள் கடிகாரம் வைத்து, பத்து நொடிக்கு எத்தனை என்று எண்ணினார்கள். அது கணக்குப்பிள்ளை வேலை. அவர் நோயாளியின் எதிரே அமர்ந்து தாமும் உடன் செய்வார். பின்தங்கினால் நோய், கூடவே வந்தால் வெறும் பயம்.

“என் கூடவே செய்யுங்க.”

நான்கு கைகள் மூடின, விரிந்தன. தம்பி உதட்டைக் கடித்துக்கொண்டு செய்தான். ஒரு முறைகூடப் பின்தங்கவில்லை.

“உங்க தம்பிக்கு ஒண்ணுமில்லம்மா. வேலையில மனசு இல்ல. அதுக்கெல்லாம் நான் கத்தி வைக்க முடியாது. கூட்டிட்டுப் போங்க.”

“பதினொண்ணுதான் வந்தது, சார்.” சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அந்தப் பெண் எண்ணியிருந்தாள். “குறைஞ்சது இருபது வரணும். இப்படியே அனுப்பிட்டா அடுத்த தடவை வீல்சேர்லதான் வருவார்.”

“எண்ணத் தெரியலன்னா சும்மா இருங்க. என் கூடவேதானே வந்தாரு?”

“ஆமா, சார்.” அவள் குரலை இறக்கினாள். “உங்க கூடவேதான் வந்தார்.”

அக்கா கைப்பையின் வாயை இழுத்து மூடினாள். அந்த ஓசை அடங்கிய பிறகுதான், உதவி மருத்துவர் சொன்னது அவருக்கு எட்டியது.

அவர் மீண்டும் கைகளை நீட்டினார். மூடினார், விரித்தார். வேகமாகச் செய்வதாகவே மனம் சொன்னது. கண் வேறு சொன்னது. சுண்டுவிரல் மட்டும், இரண்டு முறை கூப்பிட்ட பிறகு எழுந்து வருகிறவனைப் போல, மற்றவற்றுக்குப் பின்னால் விரிந்தது.

மறுபடியும் சோதனை போலும் என்று தம்பியும் பணிவுடன் கைகளை நீட்டிச் சேர்ந்துகொண்டான். எதிரெதிரே இரண்டு ஜோடிக் கைகளும் ஒன்றுபோலவே ஊர்ந்தன. இவன் கேக்குகளின் மேல் குனிந்தவன்; அவர் பிறருடைய கழுத்துகளின் மேல் குனிந்தவர். குனிவில் வேறுபாடு இல்லை.

கருவியைச் சரியாக நீட்டத் தெரியவில்லை என்று அறுவை அரங்கிலிருந்து அவர் விரட்டிய செவிலி நினைவுக்கு வந்தாள். பிறகு, இதே நாற்காலியில் அவருக்கு ஈடுகொடுத்து, ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் வந்தார்கள். எத்தனை பேர் என்று தெரியவில்லை. அவர் எண்ணியதில்லை.

“ஆபரேஷன் வேணும்,” என்றார். எவருக்கு என்று சொல்லவில்லை.

அக்காவுக்கு மூச்சு வந்தது. “அப்ப உங்க கையாலயே பண்ணிடுங்க, டாக்டர். கைராசிக்காரர்னு சொன்னதாலதான் வேற எங்கயும் போகல.”

அவர் கைகளை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டு, இரண்டு கழுத்துகளை நம்பி ஒப்படைக்கத் தக்க வேறு ஒரு மருத்துவரைத் தேடினார். ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். எல்லாரையும் அவர் ஏற்கெனவே ஏளனம் செய்து முடித்திருந்தார்.