கெம்பியை விற்கப் போன போதகர்

"ஐயா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன், சந்தைக்குள்ள போனதும் வாயைத் திறக்காதீங்க!"

குந்தாரப்பள்ளிச் சந்தை வாசலில், குட்டியானை வண்டியிலிருந்து மாட்டை இறக்கிக்கொண்டே கெஞ்சினார் சபைச் செயலாளர் விஜயகுமார்.

போதகர் பர்னபாஸ் வெள்ளை அங்கியை மடித்துப் பிடித்தபடி இறங்கினார். ஓசூர்ப் பக்கத்து லுத்தரன் சபை ஒன்றுக்கு அவர்தான் ஐயர்.

"யாராவது கேட்டா என்ன பண்றது விஜயகுமார்? உள்ளதைச் சொல்லித்தானே ஆகணும்?"

அதுதான் விஜயகுமாருக்குப் பயம்.

கெம்பி நல்ல சிவப்பு மாடு. அறுப்பின் பண்டிகைக்குக் கங்கப்பன் என்ற விவசாயி காணிக்கையாகக் கொண்டுவந்து கோயில் வாசலில் கட்டியது. ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருளையெல்லாம் ஏலம் விட்டபோது, பூசணிக்காய்க்கு இருந்த போட்டிகூட மாட்டுக்கு இல்லை. சபையில் முக்கால்வாசிப் பேர் கம்பெனிக்காரர்கள். மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள் மாட்டை எங்கே கட்டுவார்கள், பால்கனியிலா?

அன்றிலிருந்து கெம்பி ஐயர் வீட்டுக் கொல்லையில்தான் நிற்கிறது. தண்ணி காட்டுவதும் பால் கறப்பதும் ஐயரேதான். ஆனால் கோயில் ஸ்பீக்கர் இப்போது அடிக்கடி கீச்சென்று கத்தி மானத்தை வாங்குகிறது. மாட்டை விற்றுப் புது மைக் செட் வாங்குவதென்று கமிட்டி தீர்மானம் போட்டுவிட்டது. இன்றைக்கு விற்காமல் திரும்பினால் கமிட்டி விஜயகுமாரை வறுத்தெடுத்துவிடும்.

தரகர் குலாம் ரசூல் கெம்பியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முகம் மலர்ந்தது.

"மாடா இது! மகாராணி! ஃபாதரே, பேசுற வேலையை எங்கிட்ட விடுங்க. நீங்க சும்மா சிரிச்சுக்கிட்டு நில்லுங்க, போதும்."

"அதைத்தான் பாய் நானும் வர்ற வழியெல்லாம் சொன்னேன்" என்றார் விஜயகுமார்.

உத்தனப்பள்ளி ராமப்பன்தான் முதலில் வந்தார். பல்லைப் பார்த்தார், மடியைத் தடவினார், தலையை ஆட்டினார். தரகர் தோள் துண்டை எடுத்து ராமப்பன் கைமேல் போட்டு, அதற்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேச ஆரம்பித்தார். விலை படிந்துவிட்டது. விஜயகுமார் மனசுக்குள் மைக் செட்டே பாட ஆரம்பித்துவிட்டது.

"சாதுதானே ஃபாதரே?" ராமப்பன் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார்.

"பச்சைக் குழந்தைங்க!" என்று முந்திக்கொண்டார் தரகர்.

போதகர் தொண்டையைச் செருமினார். "உதைக்கும். போன வாரம் உதைச்ச உதையில எனக்கு முழங்கால் வீங்கிப் போச்சு."

ராமப்பன் துண்டுக்குள்ளிருந்து கையை உருவிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

"ஐயா!" விஜயகுமாருக்கு அழுகையே வந்துவிட்டது. "மாட்டைப் பத்தி ஒரு எழவும் எனக்குத் தெரியாது, நான் மிஷின் ஓட்டுறவன். ஆனா வியாபாரம்னா எப்படின்னு தெரியும். கொஞ்சம் கண்டுங்காணாம இருக்கக் கூடாதா?"

"பாவம்ப்பா, நம்பி வாங்குறவங்க."

அடுத்து வந்தவரிடம், "முட்டும்" என்றார். அதற்கடுத்தவரிடம், "பாலைச் சுரக்காம அடக்கி வெச்சுக்கும்" என்றார். தரகர் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இதையெல்லாம் இடுப்பில் கைவைத்தபடி பார்த்துக்கொண்டிருந்த கெம்பம்மா முன்னால் வந்தாள். பெரிய மாட்டுப் பண்ணைக்காரி. சந்தையில் அவளை ஏமாற்ற ஆள் கிடையாது.

"ஃபாதரே, இந்தச் சந்தையில மாட்டோட குத்தத்தை வாயால சொன்ன மொத ஆளு நீங்கதான். உதைக்கிற மாட்டுக்குக் காலைக் கட்டிக்கலாம். முட்டுற மாட்டுக்குக் கொம்பைச் சீவிக்கலாம். உங்க நாணயத்துக்காகவே நான் வாங்கிக்கிறேன். கயித்தைக் குடுங்க!"

விஜயகுமார், "ஸ்தோத்திரம்!" என்று கத்தியே விட்டார். ஐயரின் உண்மையே கடைசியில் மாட்டை விற்றுக் கொடுத்துவிட்டதே!

போதகர் முகம் வெளுத்தது. கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, ஒண்ணு மட்டும் சொல்லாம விட்டுட்டேன். இது கழுத்தை வளைச்சு, தன் பாலைத் தானே குடிச்சிடும்."

"பேடப்பா, பேடா! எனக்கு வேணவே வேணாம்!" கெம்பம்மா நான்கடி பின்னால் போனாள். பக்கத்தில் நின்றவர்களும் மெல்லக் கலைந்தார்கள்.

குலாம் ரசூல் எழுந்து வந்து போதகரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எம் பொழைப்புல மண்ணு விழுந்தது போகட்டும் ஃபாதரே. உங்களை மாதிரி உண்மை பேசுற மனுஷனை இந்தச் சந்தை பாத்ததில்ல. துவா பண்ணும்போது எம்பேரையும் சேர்த்துக்குங்க."

"கமிட்டிக்கு நான் சொல்லிடறேன்" என்றார் விஜயகுமார் வெறுத்துப்போய். "இந்த மாட்டை இனிமே எவனும் வாங்க மாட்டான். நீங்களே வெச்சு மாரடிங்க!"

திரும்பும்போது விஜயகுமார் முன்சீட்டில் உம்மென்று உட்கார்ந்திருந்தார். போதகர் பின்னால் கெம்பியோடு நின்றுகொண்டு வந்தார். குருபரப்பள்ளி தாண்டியதும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, இந்த வாயில்லா ஜீவன்மேல நான் வாய் கூசாமச் சொன்ன அத்தனை பொய்யையும் மன்னியும்! சனிக்கிழமை நான் பிரசங்கத்தை ஒத்திகை பார்க்கும்போது, கடைசி வரைக்கும் தூங்காமக் கேக்குறது என் சபையிலேயே இவ ஒருத்திதான்."