யார் தட்டினாலும்

அபாய மணி அலறியபோது விடுதியில் ஒருத்தியும் பதறவில்லை. செப்டம்பர் பிறந்துவிட்டால் பெல்கிரேடில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் குடைமிளகாய் சுடும் வாசனைதான். தடையை மீறி எவளோ அறைக்குள் அடுப்பு மூட்டிவிட்டாள், புகை மணியைக் கிளப்பிவிட்டது என்று எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டு சாவகாசமாக இறங்கி வந்தார்கள்.

தியானா கீழே சாப்பாட்டுக் கூடத்தில் பீன்ஸ் சூப்போடு உட்கார்ந்திருந்தாள். மிளகாய் வாசனை அவளுக்கு அம்மாவின் ஞாபகத்தைக் கிளறிவிட்டது. வருஷா வருஷம் அம்மா சுட்ட மிளகாயை விழுதாக்கி, ஜாடியில் அடைத்து, ஊர் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புவாள். இவள் நிலையத்தில் போய்க் காத்துக் கிடந்து வாங்கி வர வேண்டும். நேற்று போனில், "இந்தத் தடவ நீ அலைய வேணாம் கண்ணு, ஜாடி உன் ரூமுக்கே வந்துரும்" என்றாள் அம்மா. கூரியர்க்காரன் எவனையோ பிடித்திருப்பாள் என்று தியானா நினைத்துக்கொண்டாள்.

முற்றத்துக்கு வந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. வழக்கம்போல ஆடி அசைந்து வந்த தீயணைப்பு வண்டியிலிருந்து ஆட்கள் குதித்து ஓடினார்கள். பின்கட்டு மூன்றாம் மாடியில் சமையலறை பற்றி எரிகிறதாம். முற்றத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் அந்தப் பக்கம்.

பின்கட்டு மூன்றாம் மாடியின் கடைசி அறை தியானாவுடையது. அந்த அறையில் நெவேனா இருக்கிறாள்.

நெவேனா கள்ளக்குடி. கட்டில் கிடைக்காதவள் கிடைத்தவளின் அறையில் ஒளிந்து வாழ்வது அந்த ஊர் விடுதிகளில் பழைய கதை. தியானாவின் அறைத்தோழி பரீட்சை முடிந்து ஊருக்குப் போனதிலிருந்து அவள் கட்டிலில் நெவேனா படுத்துக்கொள்கிறாள். காலையில் பார்த்தபோது காய்ச்சல் என்று போர்வைக்குள் சுருண்டிருந்தாள்.

காப்பாளர் ராத்மிலா மேடத்தின் சட்டம் கறாரானது. வெளியாளை அறையில் வைத்திருப்பவள் அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டும். மாணவியரின் பாதுகாப்புக்காகத்தான் என்று வாசலில் பெரிதாக எழுதியும் ஒட்டியிருந்தாள். கட்டில் போனால் தியானாவின் படிப்பும் போயிற்று, பிளம் தோட்டத்தில் அப்பாவோடு கூடை சுமக்கப் போக வேண்டியதுதான். அதனால் நெவேனாவுக்கு அவள் முதல் நாளே பாடம் எடுத்திருந்தாள். யார் தட்டினாலும் மூச்சுக் காட்டக் கூடாது. வெளியே போனால் கதவைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும்.

முகமெல்லாம் கரி அப்பிய தீயணைப்பு வீரர் ஒருவர் ஓடிவந்தார். ராத்மிலா மேடம் தியானாவை அவர் முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

"கடைசி ரூம் உன்னோடதாம்மா? கதவு பூட்டியிருக்கு. தட்டித் தட்டிப் பாத்தோம், சத்தமே இல்ல. புகை மண்டிப்போச்சு, இனி ஏணி போட்டாத்தான் ஆகும். இருக்கிறது ஒரே ஏணி. அந்தக் கோடியில வேற ரெண்டு பொண்ணுங்க ஜன்னல்ல தொங்குதுங்க. உன் ரூம்ல யாராவது இருக்காங்களா?"

சத்தம் ஏன் இல்லை என்று தியானாவுக்குத் தெரியும். சொல்லிக்கொடுத்தவளே அவள்தானே. ராத்மிலா மேடத்தின் கண் அவள் முகத்தை விட்டு அசையவில்லை.

"யாரும் இல்ல" என்றாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"அதான் சொல்றேனே, யாருமே இல்ல."

ஏணி அந்தக் கோடிக்கு நகர்ந்தது. நெவேனா இந்நேரம் எழுந்து எப்படியாவது தப்பியிருப்பாள் என்று தியானா தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். மனசு ஒப்பவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. கட்டில் அவ்வளவு பெரிதாகப் போய்விட்டது அவளுக்கு.

பின்கட்டில் கண்ணாடி வெடித்துச் சிதறும் சத்தம் கேட்டது. தியானா காதைப் பொத்திக்கொண்டு வெளிவாசல் பக்கம் நடந்தாள்.

எதிரே, கக்கத்தில் சூடான ரொட்டியும் கழுத்தில் கம்பளித் துண்டுமாக நெவேனா வந்துகொண்டிருந்தாள்.

தியானா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அந்த ஊர் வழக்கப்படி கன்னத்தில் மாறி மாறி மூன்று முத்தம் கொடுத்தாள், நான்காவதும் கொடுத்தாள். கொலைகாரி ஆகாமல் தப்பித்துவிட்டோம் என்று அவளுக்குக் கண் நிறைந்தது. நெவேனாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னடி இன்னைக்கு இவ்ளோ பாசம்? மறுபடியும் எவளோ மிளகாய் சுட்டு வண்டிய வரவச்சிட்டாளா?"

"காய்ச்சலோட எங்கடி போன நீ?"

"ரொட்டி வாங்கத்தான். உன் ஜாடி வந்துருச்சுல்ல, தொட்டுச் சாப்பிட வேணாமா?"

"ஜாடியா? யாரு கொண்டுவந்தா?"

நெவேனா கோட்டுப் பையிலிருந்து அறைச் சாவியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே ஆட்டிச் சிரித்தாள். பிறகு ராத்மிலா மேடத்தைக் கண்டு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்க அம்மாதான், ராத்திரி பூரா பஸ்ல வந்த அசதியில உன் கட்டில்ல தூங்குறாங்க. பயப்படாத, யார் தட்டினாலும் மூச்சுக் காட்டாதீங்கம்மான்னு சொல்லி, பூட்டிட்டுத்தான் வந்தேன்."