டிசம்பரில் பத்தொன்பது

தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான்.

மகளின் கையெழுத்துதான். பென்சிலில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தாள். நான்காம் வகுப்புப் பிள்ளை.

எல்லாம் அவனே இழுத்துவிட்டுக்கொண்ட வேலை.

பெயிண்ட் கம்பெனி ஒன்றில் ஏரியா மேனேஜர் அவன். கீழே பதினோரு பேர். பதினோரு பேருக்கும் மாதாமாதம் டார்கெட். போன வாரம் கோயம்புத்தூரில் ஏசி ஹாலில் உட்கார வைத்து ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். வேலைக்கு மட்டும் டார்கெட் இருந்தால் போதாது, வாழ்க்கைக்கும் வேண்டும் என்றார் கோட்டு போட்ட ஒருத்தர். இவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். புத்தாண்டும் அதுவுமாக, காலையில் காபி ஆறுவதற்குள் வீட்டில் ஆளுக்கொரு தாள் கொடுத்துவிட்டான்.

மூன்று கட்டம்.

என்ன மாற வேண்டும்.

இப்போது எவ்வளவு.

மார்ச்சுக்குள் எவ்வளவு.

அவன் தாளில் எடை என்று எழுதிக்கொண்டான். இப்போது எண்பத்தெட்டு, மார்ச்சுக்குள் எண்பது. தன்னிடம் மாற வேண்டியது வேறு எதுவும் அவனுக்குத் தோன்றவில்லை.

மனைவி சுகந்தி ஒன்றும் எழுதவில்லை. இது இரண்டு நாள் கூத்து என்று அவளுக்குத் தெரியாதா? இட்லி ஊற்ற உள்ளே போய்விட்டாள்.

மகள் ஆதிரைதான் மெனக்கெட்டாள். 'நல்ல பிள்ளையாக இருப்பேன்' என்று எழுதிக்கொண்டு ஓடிவந்தாள்.

"நல்ல பிள்ளைன்னா? அதை எப்படிக் கண்ணு அளக்கறது? நம்பர் வேணும்."

திருப்பி அனுப்பினான்.

அவள் பழைய காலண்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். டிசம்பர் பக்கத்தில் விரல் வைத்து எதையோ எண்ணினாள். பள்ளிக்கூட நாட்களை எண்ணுகிறாள் என்று நினைத்தான்.

இப்போது அந்தத் தாள்தான் கையில்.

என்ன மாற வேண்டும்: அப்பா கத்தும்போது அழக் கூடாது.

இப்போது எவ்வளவு: டிசம்பரில் 19.

மார்ச்சுக்குள் எவ்வளவு: 0.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பத்தொன்பதா?

கோபக்காரன்தான். யார் இல்லை என்றார்கள்? வண்டிச் சாவி கிடைக்காவிட்டால் ஒரு சத்தம். சட்டையில் பட்டன் இல்லை என்றால் ஒரு சத்தம். போட்ட அடுத்த நிமிஷமே மறந்துபோவான். மனசில் எதையும் வைத்துக்கொள்ளாத ஆள் என்று தன்னைப் பற்றித் தானே பெருமையடித்துக்கொள்வான்.

அவன் மறந்ததையெல்லாம் ஒருத்தி எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அதுவும் பத்தொன்பது. அவள் அழுது அவன் பார்த்தது ஒரு தடவையோ, இரண்டு தடவையோ. அதற்கும் ஒரு அதட்டல் போட்டதாக ஞாபகம்.

மற்ற பதினேழும் எங்கே நடந்தது?

இதே வீட்டில்தானே இருந்தான்!

நிமிர்ந்தான். ஆதிரை நாற்காலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். கையில் ரப்பர். தப்பு என்று சொன்னால் அழித்து எழுதத் தயாராக நின்றாள்.

ஏதாவது சொல்ல வேண்டும்.

தன் தாளை எடுத்தான். எடையை அடித்தான். அதற்கு மேலே 'கத்துவது' என்று எழுதினான். எழுத்து கோணிக்கொண்டு போனது. இரண்டாவது கட்டத்தில் பத்தொன்பது போட்டான். மூன்றாவதில் ஒரு பூஜ்யம்.

மகளிடம் நீட்டினான். மன்னிப்புக் கேட்டுவிட்டதாக நினைப்பு. கொஞ்சம் மூச்சுகூட வந்தது.

அவள் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். சொல்லலாமா, வேண்டாமா என்று யோசிக்கிறாள் என்பது நன்றாகத் தெரிந்தது. அப்பா அடித்தாரா என்ன, ஒரு கணக்கைச் சொல்ல ஒன்பது வயதுப் பிள்ளை இப்படிப் பயப்பட?

ஒருவழியாக, மெதுவாகச் சொன்னாள்.

"இது தப்புப்பா. பத்தொன்பது நான் அழுதது மட்டும். அம்மா அழுததை நான் சேக்கல."

அவன் சமையலறைப் பக்கம் திரும்பினான்.

கதவு திறந்துதான் இருந்தது. சுகந்தி அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். அவள் திரும்பவில்லை.

தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அந்த நிலைப்படி வரைக்கும் போனான்.

அதற்கு மேல் அவனால் போக முடியவில்லை.