நாற்பதில் ஒரு பங்கு

வரி ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஜெயராஜ் குடை நுனியால் பாக்கு மூட்டையைத் தட்டித் தட்டிப் பேசினார்.

பாக்கு வியாபாரி முகம்மது கனி ராவுத்தர் குடை நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வருஷக் கணக்குப் புத்தகங்களும் அந்த மூட்டைக்குள்தான் இருந்தன.

"கறையான் தின்னுடுச்சுன்னா துரை நம்பமாட்டாரு, ராவுத்தரே. நாலு வருஷமா வருமான வரிக் காகிதம் ஒண்ணுகூட நீங்க எழுதிக் குடுக்கல. கணக்கைக் காட்டலன்னா அவரா ஒரு தொகை போடுவாரு. அதைக் கட்டலன்னா கிடங்குக்குப் பூட்டுதான்லா."

யுத்தச் செலவுக்கென்று வெள்ளைக்காரன் போட்ட வரி. யுத்தம் முடிந்து மூன்று வருஷம் ஆகியும் வரி மட்டும் ஊருக்குத் திரும்பவில்லை. சூலியா தெருக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். கனி ராவுத்தர் கட்டவில்லை. அவர் கெட்டிக்காரர். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த நாளுக்கென்றே ஒரு வழியும் வைத்திருந்தார்.

"கணக்கு போனா போகுது, கிராணியாரே. ஜகாத்து நோட்டு இருக்கு. அல்லாவுக்குக் குடுத்த கணக்குல எவனாச்சும் பொய் எழுதுவானா?"

குடை நின்றது.

ஜெயராஜ் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் என்றாலும் அதே தெருவில் பிறந்து வளர்ந்தவர். சொத்தில் நாற்பதில் ஒரு பங்கு ஏழைகளுக்கு என்பது அவருக்குத் தெரியும். நோட்டில் உள்ள தொகையை நாற்பதால் பெருக்கினால் அந்த வருஷத்துச் சொத்து. போன வருஷத்தைவிட எவ்வளவு கூடியிருக்கிறதோ, அது லாபம்.

ராவுத்தர் கண் வைத்திருந்ததும் அங்கேதான். ஒவ்வொரு நோன்பு மாதமும் மனைவி ஆசியா பீவியிடம் நூறு வெள்ளி பணம் எடுத்துக் கொடுப்பார். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அவள் அதை ஏழைகளுக்குப் பங்கிட்டு நோட்டில் எழுதிவைப்பாள். நூறு, நூறு, நூறு, நூறு. வளராத சொத்துக்கு லாபம் ஏது, வரி ஏது?

கடைக்கு மேலே மாடியில் இருந்த வீட்டுக்கு ஆள் போயிற்று. பீவி அரபு எழுத்தில் தமிழ் எழுதுகிறவள். ஜெயராஜால் அதைப் படிக்க முடியாது.

"நானே படிக்கிறேன்" என்றார் ராவுத்தர்.

"நீங்க இருங்க. எழுதினவங்களே படிக்கட்டும்."

அதுவும் நல்லதுதான். ஆசியா பீவி பொய் சொல்லமாட்டாள் என்று தெருவுக்கே தெரியும். பாக்கு விலை கேட்க வந்து வாசலில் நின்ற இரண்டு பேர்கூடத் தலையாட்டினார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகையில் ராவுத்தருக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள்.

மரப்படி கிறீச்சிட்டது. உள்வாசல் திரைக்குப் பின்னால் காலடி வந்து நின்றது. ஏடு புரளும் ஓசை கேட்டது.

"மொத வருஷம், எறநூறு வெள்ளி."

ராவுத்தர் தன் காதையே நம்பவில்லை.

"ரெண்டாவது வருஷம் எறநூத்தி அறுவது. மூணாவது முந்நூத்தி முப்பது. போன நோன்புக்கு நானூத்திப் பத்து."

ஜெயராஜின் பேனா ஓடியது. எட்டாயிரம். பத்தாயிரத்து நானூறு. பதின்மூவாயிரத்து இருநூறு. பதினாறாயிரத்து நானூறு. மூட்டைக்குள் கிடந்த புத்தகங்களிலும் ஏறக்குறைய அதுதான் இருந்தது.

அவளுக்கு எப்படித் தெரியும்?

ராவுத்தர் மேலே பார்த்தார். வாசலில் யார் என்று மாடியிலிருந்தே பார்க்கப் பலகைத் தரையில் வெட்டிவைத்த சின்னத் துளை. வருஷம் முழுக்க அவர் மூட்டை எண்ணிய குரல் அதன் வழியாகத்தான் மேலே போயிருக்கிறது. ஒன்றுக்குப் பதில் லாபம் என்று தொடங்கும் வியாபாரி எண்ணிக்கை: லாபம், ரெண்டு, மூணு... விலை பேசிய குரலும் போயிருக்கிறது.

ஜெயராஜ் காகிதத்தைத் திருப்பி வைத்தார். "சரின்னு ஒரு கையெழுத்துப் போடுங்க."

"பொய்!" என்று கத்திவிட்டார் ராவுத்தர். "நான் வருஷத்துக்கு நூறுதான் குடுத்தேன்!"

வாயை விட்டு வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. வாசலில் நின்ற இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மெல்லச் செருப்பை மாட்டினார். இனி வெள்ளிக்கிழமை எந்த முகத்தோடு அவர்கள் பக்கத்தில் போய் நிற்பது?

ஜெயராஜ் குரலைத் தாழ்த்தினார். "அப்ப மீதிய யாரு குடுத்தது?"

திரைக்குப் பின்னால் ஏடு மூடும் ஓசை கேட்டது.

"ஏழையோட பங்கு நம்ம சோத்துல கலந்துடக் கூடாதுல்ல" என்றாள் ஆசியா பீவி. யாரையும் குறை சொல்கிற குரல் இல்லை அது.

திரை விலகியது. ஒரு கை மட்டும் வெளியே வந்து நோட்டை நீட்டியது.

நிக்காஹ் அன்று நூறு பவுன் நகையோடு வந்தவள் அவள். கை கொள்ளாத வளையல். அடுப்படியில் அவள் நடமாடினால் கடைவரைக்கும் கலகலவென்று கேட்கும் என்று ராவுத்தரே பெருமை பேசியிருக்கிறார்.

அந்தக் கையில் ஒரு வளையல்கூட இல்லை. வளையல் கிடந்த தடம்கூட மறைந்துபோயிருந்தது.

ராவுத்தர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

நாலு வருஷமாக மூன்று வேளையும் அந்தக் கைதான் அவருக்குச் சோறு போட்டது.