வாயாடி அழுத நாள்

"அழறவளைப் பாத்துச் சிரிக்கிறீங்களே, உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா பெரியக்கா?"

பாத்திரம் கழுவுகிறவர் கரண்டிகளை டமாலென்று தொட்டியில் போட்டார். முந்நூறு பேருக்குச் சமைக்கும் அந்த கேன்டீனில் தலைமைச் சமையல்காரியை எதிர்த்துப் பேச அவருக்கு மட்டும்தான் தைரியம்.

விஷயம் இதுதான். பின்வாசலுக்குத் தினமும் வரும் ஒற்றைக்கண் பூனை காலையில் லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டது. அதைக் கேட்டதும் உதவிச் சமையல்காரி வாயாடி, உரித்துக்கொண்டிருந்த உருளைக்கிழங்கைப் போட்டுவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். பெரியக்காவோ வாயெல்லாம் பல்லாக நிற்கிறார்.

பெயர்தான் வாயாடி. நாலு மாதமாக அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அதிசயம்.

"நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். அடுப்படியில ராணி மாதிரி நின்னவளக் கிழங்கு உரிக்க உக்கார வச்சீங்க. வியாழக்கிழமையானா வேலை நேரத்துல எங்கயோ இழுத்துட்டுப் போறீங்க. கேக்க நாதியில்லன்னுதானே?"

"நீங்க மட்டும் என்ன சொன்னீங்க அண்ணே? 'அவளுக்கு ஒரு குறையும் இல்ல, எல்லாம் திமிரு'ன்னு சொன்னது யாரு?"

அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். "அது ஏதோ வாய் தவறி..."

"அவ அப்பா போனப்போ எப்படி இருந்தா, ஞாபகம் இருக்கா?"

"கண்ணும் மூக்கும் சிவந்து வருவாளே, பாவம்."

"அழுதுகிட்டே சூப்பை ருசி பாப்பா. 'மிளகு தூக்கலா இருக்கு, எவ போட்டது'ன்னு எங்கிட்டயே சண்டைக்கு வருவா. நீங்க ஏதாவது கிண்டலடிச்சா அழுகைக்கு நடுவுல சிரிச்சிடுவா. அது துக்கம் அண்ணே. வரும், போகும்."

"இப்ப?"

"நாலு மாசம் முன்னாடி ஒரே சட்டியில மூணு தடவை உப்பு போட்டா. ருசி பாருடின்னேன். பாத்துட்டு, 'ஒண்ணும் தெரியலக்கா'ன்னா. கொதிக்கிற சட்டி பட்டு, கையில தோல் உரிஞ்சிருக்கு, ஒரு 'ஸ்' கூட இல்ல. வலிக்கலையாடின்னா, 'நான் இருந்தா என்னக்கா, போனா என்ன'ன்னு மணி எத்தனைன்னு சொல்ற மாதிரி சொல்றா! ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. எனக்குக் குலை நடுங்கிடுச்சு. அன்னைக்கே அடுப்புலேர்ந்து எடுத்தேன்."

"அப்ப வியாழக்கிழமை..."

"மனநல டாக்டர். யாருக்கும் தெரிய வேணாம்னா. போன வாரம்தான், 'யார்கிட்ட வேணா சொல்லிக்கோங்க'ன்னுட்டா."

அவரும் பத்தடி தூரத்தில் நின்று நாலு மாதம் பாத்திரம் கழுவியிருக்கிறார். அவர் கண்ணில் படாதது ஒரு கை உப்பில் இந்த மனுஷிக்குத் தெரிந்திருக்கிறதே! எப்பேர்ப்பட்ட கண் என்று மலைத்துப்போய் நின்றார்.

"அந்தப் பூனை பசியோடயே போயிருக்குமே..." உள்ளே வாயாடியின் அழுகை ஓயவில்லை.

பெரியக்கா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"டாக்டரம்மா, நான்தான். அவ அழறா! ஒரு பூனைக்காக ஓன்னு அழறா!"

மறுமுனையில் அந்தக் குரலும் சிரித்தது.

"மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க. ஆனா அழுகையைத் தடுக்காதீங்கம்மா. துக்கப்படற அளவுக்கு அவ தேறிட்டா!"