தீ மிதித்த மூன்றாம் நாள்

சர்தார் பொன்னுசாமி புதுத் தோல் சப்பாத்து மாட்டிய காலை நீட்டியபடி, கோயில் வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எஸ்டேட்டில் கங்காணியாகக் கூலி ஆட்களை விரட்டிக்கொண்டிருந்த மனுஷன். எட்டு ஆர்ப்பான் கரும்பு நிலம் வாங்கியதிலிருந்து வெள்ளைக்காரத் துரை ஆகிவிட்ட நினைப்பு.

பூசாரி கற்பூரத் தட்டைக்கூட வெளியே கொண்டுவந்துதான் காட்டினார். இனி அம்மனே எழுந்து வந்து இவரைக் கும்பிட வேண்டும் போல என்று தெய்வானை மனசுக்குள் காறித் துப்பினாள்.

பஞ்சாயத்து அவள் புருஷன் மருதையைப் பற்றித்தான். மூன்று நாள் முன்னால் திரௌபதி அம்மனுக்குத் தீ மிதித்தார்கள். சர்தார்தான் முதலில் இறங்கினார், மருதை அவருக்குப் பின்னால். மருதையின் உள்ளங்கால் வெந்துவிட்டது.

விரதம் சுத்தமாக இருந்தவன் காலை நெருப்பு தொடாது என்பது ஊர் நம்பிக்கை. அப்படியானால் மருதை என்னவோ தின்றிருக்கிறான். என்ன தின்றான் என்பதையும் சர்தாரே கண்டுபிடித்து வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக் கிரியோல்காரன் காஸ்தோன் வீட்டு ஞானஸ்நான விருந்துக்குப் போய்க் கறிச்சோறு தின்றானாம்.

போனது உண்மை. குழந்தைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினான். அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

"நெருப்பு பொய் சொல்லாது," என்றார் சர்தார். "கால் வெந்தவன் குடும்பத்துக்குக் கோயில்ல எடமில்ல. அவன் மக கல்யாணம் இங்க நடக்கக் கூடாது. ஊர்ல ஒருத்தரும் போகக் கூடாது."

மகள் சிவகாமிக்குத் தை மாதம் தாலி. கோயிலே தள்ளிவைத்த வீட்டில், மோகாவிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டார் பெண் எடுப்பார்களா?

மருதை துணி சுற்றிய காலோடு தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். சுற்றி நின்ற ஆம்பிளைகள் மண்ணைப் பார்த்தார்கள். நாளைக்கு இவர்கள் கரும்பை ஆலைக்குக் கொண்டுபோக சர்தாரின் வண்டி வேண்டும். அதனால் இன்றைக்கு அவர் சொல்வதுதான் அம்மன் வாக்கு.

குற்றம் செய்தவன் வீட்டுப் பொம்பளை தலைவர் காலில் விழுந்தால் மன்னிப்பு உண்டு. பழைய வழக்கம் அது. தெய்வானை பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் போனாள்.

சர்தார் அவசரமாகக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "தள்ளிப் போ. என் காலத் தொடுற தகுதி ஒனக்கில்ல."

தகுதியைப் பார்த்தால் மகள் கல்யாணம் நடக்குமா? அவள் தடாலென்று விழுந்து இரண்டு சப்பாத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சர்தார் ஸ்ஸென்று மூச்சை இழுத்தார். முகம் வெளுத்து, கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. சப்பாத்துக்குள்ளிருந்து வேப்பெண்ணெயும் மஞ்சளும் கலந்த வாசனை குப்பென்று வந்தது. மூன்று நாளாக அவள் தன் கையாலேயே குழைத்து மருதை காலில் பூசிவரும் மருந்தின் அதே வாசனை.

தெய்வானை எழுந்திருக்கவில்லை. பிடியையும் விடவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தி, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"சப்பாத்தக் கழட்டுங்க, சர்தாரய்யா. எங்கிட்ட மருந்து மிச்சமிருக்கு."