கண்மாய்க்கரைக் கல்

"பேரு தெரியாத மனுஷருக்கா கல்லு வைக்கிறீங்க?" என்று கேட்டாள் பாகீரதி.

"அதான் டீச்சரம்மா இப்ப எனக்குத் தலைவலியே" என்றார் ஊர்த்தலைவர் அழகுமலை.

திருநகரில் டீச்சராக இருப்பவள் அவள். வருஷா வருஷம் கண்மாய்க்கரையில் நடக்கும் பொங்கலைப் பற்றிப் பேப்பரில் படித்ததாகவும், பார்த்துப் போக வந்ததாகவும் சொன்னாள்.

"எழுபத்தேழு வெள்ளத்துல கரை உடைஞ்சிருச்சு. ரோட்டுல தண்ணி மறிச்சு நின்ன பஸ்ஸுல இருந்து ஒருத்தரு இறங்கி ஓடியாந்து, எங்க கூட மணல் மூடை போட்டாரு. ஊரு பொழைச்சுச்சு, அவரைத் தண்ணி கொண்டுபோயிருச்சு. மறுநா உடம்பு கெடைச்சது. போலீசுக்குச் சொன்னோம், ஒருத்தரும் தேடி வரல. இந்தா, இந்த எடத்துலதான் அடக்கம் பண்ணோம்."

அன்று அவர் கரையில் கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடி, புதுக் கல்லின் முன்னால் சந்தனப்பொட்டோடு இருந்தது. பாகீரதி அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். பட்டணத்துக்காரர்களுக்கு இதெல்லாம் வேடிக்கைதான் என்று நினைத்துக்கொண்டார் அழகுமலை.

அவர் கவலை அவருக்கு. உளியோடு கல்தச்சன் மருது உட்கார்ந்திருக்க, கல்லில் வெட்ட மேலத்தெரு ஒரு பேரைச் சொன்னது. கீழத்தெரு இன்னொரு பேரைச் சொல்லி மல்லுக்கு நின்றது.

"அவரு என்ன சாதின்னு தெரியாததாலதான் ரெண்டு தெரு அரிசியும் இன்னிக்கு ஒரே பானையில வேகுது. மத்த நாள்ல ஒருத்தன் வீட்டுல ஒருத்தன் பச்சத்தண்ணி குடிக்க மாட்டான். பேரை வெட்டுனா எங்காளுன்னு ஒரு தெரு தூக்கிக்கிரும். அடுத்த வருசம் ரெண்டு பானைதான். நீங்க படிச்சவுக, ஒரு வழி சொல்லுங்க தாயி."

பாகீரதி கண்ணாடியைக் கல்லின் முன்னால் திரும்ப வைத்தாள். பிறகு மருதுவிடம் கரித்துண்டை வாங்கிக் கல்லில் எழுதினாள்: 'எங்கள் ஊர்க்காரர்.'

இரண்டு தெருக்காரர்களும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். சரிதான் என்று தலையாட்டினார்கள். மருது உளியை எடுத்தான். அழகுமலைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சுடச்சுடப் பொங்கலை இலையில் வாங்கி வந்தார். தாலியும் குங்குமமுமாக நின்றவளிடம் நீட்டி, "வீட்டுக்காரரையும் கூட்டியாந்திருக்கலாமே தாயி?" என்றார்.

பாகீரதி கல்லைப் பார்த்தாள்.

"எட்டு வருஷமா அவர் இங்கதாண்ணே இருக்கார். எனக்குத்தான் இன்னிக்குத் தெரிஞ்சது."